தமிழ்க் கோப்பைப் பைனரி என்று சொன்னால்: சப்வெர்ஷனா, கிட்டா?

காரைக்குடியில் நாங்கள் நாலைந்து பேர் செட்டிநாட்டு வீட்டுச் சொற்களைத் தொகுத்து வருகிறோம். வளவு, பட்டாலை, மங்குச் சாமான், கொட்டான் என்று ஆச்சிமார் சொல்லச் சொல்லத் தட்டிய வெறும் உரைக் கோப்புகள்தான். கானாடுகாத்தானிலிருந்து வந்த திருத்தத்தை ஒப்பிடப் போனால், கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் காத்துவைக்கும் மென்பொருளான சப்வெர்ஷன், 'பைனரி வகைக் கோப்பு (அதாவது உரை அல்லாதது), காட்ட முடியாது' என்றது. இருவர் திருத்தியதை வரி வரியாக இணைக்கவும் மறுத்துவிட்டது.

காரணம் இதுதான். கோப்பைச் சேர்க்கும்போது சப்வெர்ஷன் முதல் 1024 பைட்டைப் பார்க்கும். அதில் சுழி பைட் (மதிப்பு 0 ஆன பைட்) இருந்தாலோ, ஆஸ்கி எழுத்து (ஆங்கில எழுத்து, எண், இடைவெளி போன்றவை) மிகக் குறைவாக இருந்தாலோ பைனரி என்று, கோப்பின் வகையைக் குறிக்கும் மைம்-டைப் பண்பில் எழுதிவிடும். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் 'பட்டாலை' 21 பைட். ஒன்றுகூட ஆஸ்கி இல்லை. அடுத்து வரும் இடைவெளி மட்டும்தான் ஆஸ்கி. ஒழுங்காக எழுதிய தமிழே மாட்டிக்கொள்கிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சப்வெர்ஷனைப் போன்ற இன்னொரு மென்பொருளான கிட், முதல் 8000 பைட்டில் சுழி பைட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. யுடிஎஃப்-8 தமிழ் தடையில்லாமல் போகும். விரிதாளிலிருந்து, எழுத்துக்குக் குறைந்தது இரண்டு பைட் எடுக்கும் யுடிஎஃப்-16ஆகச் சேமித்த பட்டியல்தான் சிக்கும். அங்கேயும் தமிழ் எழுத்தில் சுழி பைட் கிடையாது. இடைவெளியிலும் வரி முடிவிலும்தான் இருக்கிறது. அதே வகை மென்பொருளான மெர்க்குரியலும் சுழி பைட்டைத்தான் தேடுகிறது, அதனால் தமிழுக்குத் தொல்லையில்லை.

சரி, திருத்துவது எப்படி? சப்வெர்ஷன் குத்திய முத்திரை தானாகப் போகாது. ஒவ்வொரு கோப்பிலும் அந்தப் பண்பை நீக்கி கமிட் செய்ய (மாற்றத்தைப் பதிய) வேண்டும். கிட் எதையும் எழுதிவைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்கிறது. யுடிஎஃப்-8க்கு மாற்றினால் அந்த ஒரு கமிட் மட்டும் பைனரியாகத் தெரியும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். கிட்டின் அமைப்புக் கோப்பான கிட்ஆட்ரிபியூட்ஸில் 'டிஃப்' என்று போட்டு யுடிஎஃப்-16ஐ அப்படியே காட்டவும் வைக்கலாம், ஆனால் தமிழ் படிக்கும்படி வராது. யுடிஎஃப்-16தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் மென்பொருள் இருந்தால், கிட் 2.18இல் வந்த 'ஒர்க்கிங்-ட்ரீ-என்கோடிங்' உதவும்: கிட்டின் சேமிப்புக்குள்ளே யுடிஎஃப்-8, நாம் திறக்கும் கோப்பில் யுடிஎஃப்-16.

நாங்கள் கிட்டுக்கு மாறிவிட்டோம். சப்வெர்ஷனிலேயே இருக்க வேண்டியவர்கள், முதல் கோப்பைச் சேர்க்கும் முன்பே மேல் அடைவில், புதிதாகச் சேரும் கோப்புக்கு வகையைத் தானாகக் குறிக்கும் ஆட்டோ-ப்ராப்ஸ் பண்பை வையுங்கள், சப்வெர்ஷன் 1.8 முதல் அந்த வசதி இருக்கிறது. ஏற்கெனவே சேர்த்த கோப்புகளை அது தொடாது.