நிலாவெளிப் பக்கம் ‘முழு வீடு’ வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திருகோணமலைக்கு வருகிறவர்களும், அவர்களுக்கு இங்கே வீடு பிடித்துக் கொடுக்கிறவர்களும் இதை வாசித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.

இந்த முறை லண்டனிலிருந்து அக்கா குடும்பம், கனடாவிலிருந்து சித்தப்பா, மச்சான்மார், பிள்ளைகள், இங்கே நாங்கள் என்று மொத்தம் 22 பேர். டவுனில் எங்கள் வீட்டில் அத்தனை பேர் படுக்க இடமில்லை. ஹோட்டல் என்றால் ஆளுக்கொரு அறையில் அடைபட வேண்டும். சேர்ந்து சமைத்து, இரவில் முற்றத்தில் இருந்து கதைக்கத்தானே அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்! அதனால் நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் நடுவில், புல்மோட்டை வீதியிலிருந்து மேற்கே உள்ளே போகும் கிராமமொன்றில் ஒரு மாடி வீட்டைப் பேசினோம். மாமர வளவு, கிணறு, பெரிய குசினி.

படத்தை நம்பி எடுக்கவில்லை, நேரில் போய்ப் பார்த்தேன். கீழே மூன்று அறை, மேலே நான்கு, பாத்ரூம் நான்கு. புரோக்கர் ஒவ்வொரு அறையாகத் திறந்து ஏசி போட்டுக் காட்டினார். வாடகையில் பாதியும், உடைவு சேதத்துக்கென்று ஒரு டிபோசிட்டும் கட்டி ரிசீட் வாங்கினேன். ‘வீட்டு வாடகை முற்பணம்’ என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார்.

கட்டுநாயக்காவிலிருந்து வான் வந்து சேர இரவு ஒன்பதரை. பார்த்தால் மேல்மாடியில் லைட் எரிகிறது, பாட்டு ஓடுகிறது, படிக்கட்டுக் கைப்பிடியில் ஈரத் துவாய்கள் காய்கின்றன. புரோக்கருக்குப் போன் எடுத்தேன். “அண்ணன், கீழ் வீடுதானே கதைச்சது? மேல வேற பார்ட்டி” என்றார். ரிசீட் இருக்கிறதே என்றேன். “அதில மேல்மாடி எண்டு எங்க எழுதியிருக்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் ஆட்டோவில் ஸ்பொஞ்ச் மெத்தைகளைக் கொண்டுவந்து ஹோலில் போட்டுவிட்டுப் போனான். மேலுறை பிளாஸ்டிக்கைக்கூடக் கழற்றவில்லை. புரண்டு படுத்தால் சரசரவென்று சத்தம்.

இரண்டு பேர் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடலாம். ஓகஸ்டில், சீசன் உச்சத்தில், முழங்கால் வலிக்காரரான சித்தப்பாவையும் தூங்கி விழும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு 22 பேர் அந்த இரவில் எங்கே போவது? இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இந்தத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. பெரிய குடும்பமாகப் பார்த்துப் பிடிப்பதும் அதனால்தான்.

கீழே பாத்ரூம் இரண்டு. மேலுக்கும் கீழுக்கும் ஒரே 1,000 லீட்டர் டாங்கி. நாங்கள் ஆளுக்கு இரண்டு வாளி ஊற்றினாலே 600 லீட்டருக்கு மேல் போய்விடும், மேலே இருப்பவர்கள் வேறு. வைகாசியிலிருந்து சரியான மழையில்லாத பக்கம், கிணறு அடியில் கிடந்தது. மோட்டர் காற்றைத்தான் இழுத்தது. பவுசரில் தண்ணீர் இறக்கினோம், அதுவும் எங்கள் காசு. ஒருநாள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வைத்தேன். கனடாப் பிள்ளைகளுக்கு அது பெரிய சுற்றுலா. எங்களுக்குத்தான் தெரியும், வீட்டில் தண்ணீர் இல்லாமல் வந்த கதை.

கரண்ட் பில்தான் உச்சம். கிளம்பும் அன்று காலை, அதுவரை முகமே காட்டாத வீட்டுக்காரர் கல்குலேட்டரோடு வந்தார். ஏசிக்கு யூனிட் கணக்கில் தனிக்காசு என்று பேச்சிருந்தது, சரி. ஆனால் வீட்டுக்கே ஒரு மீட்டர்தான். மேலே இருந்தது குருணாகலிலிருந்து வந்த குடும்பம், நல்ல மனுசர். அவர்கள் முந்தின நாள் கிளம்பும்போதே தங்கள் கரண்ட் பில் துண்டை எனக்குக் காட்டியிருந்தார்கள். அதிலும் முழு மீட்டரும்தான். அதாவது ஒரே கரண்டை இரண்டு தரம் விற்றிருக்கிறார். இன்னொன்றும் சொன்னார்கள்: அவர்களுக்கும் ‘முழு வீடு’ என்றுதான் பேசப்பட்டதாம்!

பொலிசுக்குப் போவோம் என்றேன். அன்றிரவே அக்காவுக்கு பிளைட். “விடு தம்பி” என்றுவிட்டா. சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலானோர் வாரத்துக்குள் ஊர் மாறிவிடுவார்கள் என்பதும் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததுதானே.

ரிசீட்டில் எத்தனை மாடி, எத்தனை அறை, எத்தனை பாத்ரூம், வேறு ஆட்கள் தங்குவார்களா, தண்ணீர் தீர்ந்தால் யார் செலவு என்று எழுதி வாங்குங்கள். போய் இறங்கியதும் மீட்டரைப் போனில் படம் எடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த இடமா என்று கேட்டு, சான்றிதழைப் பாருங்கள். ‘விண்ணப்பம் இப்பதான் அனுப்பியிருக்கு’ என்றால் வேறு வீடு பாருங்கள். முறைப்பாட்டுக்கு 1912 என்ற போன் நம்பர் இருக்கிறது. ஆட்கள் இங்கே இருக்கும்போதே எடுங்கள்.

டிபோசிட் இன்னும் வரவில்லை. கேட்டால் “நாளைக்குப் போடுறன் அண்ணன்” என்கிறார் புரோக்கர். விளம்பரம் அப்படியே இருக்கிறது, மேல்மாடி பல்கனிப் படத்தோடு.