அப்சார்பர் மாற்றும்போது டஸ்ட் கவரும் மாற்றலாமா? சிங்கப்பூர்ப் பட்டறை நிலவரம்

லீவுக்கு ஊர் வந்தால், வீட்டுக் காரைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போகிற வேலை பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளை தலையில்தான் விழும். ஈசூன், பிடோக் பக்கம் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) கார்பார்க்கில் ஏழெட்டு வருடமாக ஓடுகிற கார், ஹம்ப் என்கிற வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று தட்டும். மூன்று வயது தாண்டிய காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன், பத்து வயது தாண்டினால் வருடா வருடம். அங்கே அடிப்பாகத்தைப் பார்க்கிறவர் கண்ணிலிருந்து, குலுக்கலை அடக்குகிற அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அது தப்பாது.

சின் மிங் ஆட்டோசிட்டி, ஆங் மோ கியோ ஆட்டோபாயின்ட், காக்கி புக்கிட், ஊபி என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் விலை ஒரே வரியில் வரும்: முன்பக்கம் ஒரு ஜோடி அப்சார்பர், கூலி, சக்கரக் கோணம் சரிசெய்யும் அலைன்மென்ட், இவ்வளவு. அப்சார்பரின் ராடைத் தூசியிலிருந்து மூடுகிற மடிப்பு உறையான டஸ்ட் கவர் அதில் சேர்ந்ததா என்று கேட்டால்தான் பேச்சு பிரிகிறது. சில தவுக்கேக்கள் (பட்டறை முதலாளிகள்) கேட்காமலே சேர்த்திருப்பார்கள். சிலர் "பழசு நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டுக்கலாம்" என்பார்கள். இரண்டாவது வகையினர் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மொத்த விலையைக் குறைத்துச் சொன்னால்தான் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகாமல் இருப்பார், அவ்வளவுதான்.

அந்தக் கவர் செய்வது என்ன? முன்பக்க அப்சார்பரைப் பொதுவாக ஸ்ட்ரட் என்பார்கள். அதன் நடுவே மேலும் கீழும் போகிற ராடு குரோம் பூசி வழவழப்பாகத் தீட்டியது. அதைச் சுற்றி ஸ்ட்ரட் வாயில் ஓர் ஆயில் சீல். எண்ணெயையும் உள்ளே அடைத்த நைட்ரஜனையும் தடுத்து நிறுத்துவது அந்தச் சீலின் உதடுதான். மணல் துகள் ஒன்று ராடில் ஒட்டிச் சீலுக்குள் போனால், அது குரோமைக் கீறும். கீறிய குரோம் திரும்பத் திரும்பச் சீலை அறுக்கும். கசிவு அங்கே தொடங்கும். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் இது இன்னும் மோசம். சக்கரத்தைத் தாங்கும் தூணும் அதுவே என்பதால் ராடின் மேல் பக்கவாட்டு அழுத்தம் எப்போதும் உண்டு.

பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் "இங்கேதான் ரோட்டில் உப்புப் போடுவதில்லையே, கவர் எதற்கு?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. குளிர்காலத்து உப்பு குரோமில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்க வைப்பதுபோல இங்கே நடப்பதில்லை. ஆனால் இங்கே வேறு தொல்லை. நாள் தவறாத வெயிலில் கவரின் மடிப்பு காய்ந்து வெடிக்கிறது. மழையில் டயர் வாரியடிக்கிற தண்ணீரோடு கட்டுமான இடத்து மண்ணும் சேர்ந்து வருகிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், கவருக்குள் ராடில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டாப்பர், ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்குகிற மெத்தை. அது நுண்துளை உள்ள பாலியூரிதேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பொருள் வேதிமுறையிலேயே சிதைந்து, வருடங்கள் போகப்போக ஊறிய ரஸ்க் மாதிரி உதிரும். பழைய ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது கவருக்குள்ளிருந்து மஞ்சள் பொடி கொட்டினால் ஸ்டாப்பரின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஸ்டாப்பர் இல்லாமல் புது ஸ்ட்ரட் போடுவது வீண்செலவு. பெரிய ஹம்பில் இறங்கும்போது முழுதாக அமுங்கிய ஸ்ட்ரட், உலோகத்தோடு உலோகம் மோதி அடி வால்வை உடைத்துக்கொள்ளும். பல கார்களில் கவரும் ஸ்டாப்பரும் ஒரே செட்டாக விற்பனைக்கு வரும். சில கார்களில் இரண்டும் ஒரே துண்டாகவே இருக்கும். அதனால் 'கவர் வேண்டுமா' என்ற கேள்வி பாதி நேரம் 'ஸ்டாப்பர் வேண்டுமா' என்ற கேள்விதான். அதற்குப் பதில் 'ஆமாம்'.

கவரை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்குக் கூலியில் இருக்கிறது. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கை அமுக்கி, மேல் நட்டைக் கழற்றிய பிறகு கவரை மாற்றக் கூடுதல் வேலை எதுவும் இல்லை. பின்னாளில் கவருக்காக மட்டும் திறந்தால் அதே கூலி முழுதாக, அலைன்மென்ட்டும் சேர்த்து, இன்னொரு முறை. கிழிந்த கவர் ஒன்றுக்காக நல்ல ஸ்ட்ரட்டைக் கழற்றச் சொல்ல மாட்டேன். கழற்றிய ஸ்ட்ரட்டில் பழைய கவரைத் திரும்பப் போடவும் சொல்ல மாட்டேன்.

விதிவிலக்கு, சிஓஇ (காரை வைத்திருக்க அரசு தரும் காலவரையறை உள்ள உரிமைச் சான்று) முடியப்போகிற கார். இன்னும் ஆறேழு மாதத்தில் கழிக்கப்போகும் காரில், பழைய கவர் மிருதுவாக, வெடிப்பில்லாமல் இருந்தால் அதையே போடலாம். ஸ்டாப்பரை மட்டும் புதிதாக வாங்கலாம். மடிப்பைக் கையால் விரித்துப் பள்ளத்தில் பாருங்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் வரும். ஐந்து வருடத்துக்கு சிஓஇ புதுப்பித்த கார் என்றால் மேற்கொண்டு புதுப்பிக்க முடியாது, ஆனாலும் ஐந்து வருடம் நீண்ட காலம். அதற்குக் கவர், ஸ்டாப்பர், மேல் மவுண்டிங், பேரிங் எல்லாமே புதிது போடுவது சரி.

உதிரிபாகம் சொல்லும்போது மாடல் பெயர் போதாது. ஏஜென்ட் விற்ற காருக்கும் பேரலல் இம்போர்ட்டாக, அதாவது ஏஜென்ட் வழியாக இல்லாமல், ஜப்பானிலிருந்து வந்த காருக்கும் ஸ்ட்ரட் வேறுபடலாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் ஆர்டர் செய்யச் சொல்ல வேண்டும். 'யுனிவர்சல்' கவர் வேண்டாம். மேல் துளை தளர்வாக இருந்தால் சில மாதத்தில் நழுவிக் கீழே குவிந்து நிற்கும். நீளம் குறைந்தால் சக்கரம் தொங்கும்போது ராடு வெளியே தெரியும். நீளம் கூடினால் மடிப்புகள் நசுங்கிக் கிழியும். கயாபா, மன்ரோ, சாக்ஸ் போன்றவர்கள் கவரும் ஸ்டாப்பரும் சேர்ந்த கிட் விற்கிறார்கள். வாரன்ட்டி நிபந்தனையையும் வாங்கும்போதே படித்துவிடுங்கள்: கவரும் ஸ்டாப்பரும் இல்லாமல் பூட்டிய ஸ்ட்ரட் கசிந்தால் கோரிக்கை தள்ளுபடியாக இடமுண்டு.

பின்பக்கத்தில் ஸ்பிரிங்கோடு சேராத தனி ஷாக் (அப்சார்பர்) உள்ள கார்களில் பலவற்றுக்கு உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ மூடு குழாய் ஒன்று ஷாக்கோடே வரும். அங்கே கவர் பேச்சே இல்லை, மேலே இருக்கும் ஸ்டாப்பரை மட்டும் கேளுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க விடுவார்களானால் கவனிக்க வேண்டியது ராடைத்தான். நட்டு சுழலும்போது ராடும் சேர்ந்து சுற்றுகிறதே என்று ராடைக் குறடால் பிடித்தால் குரோம் அந்த இடத்திலேயே போயிற்று. கவர் போட்டும் பயனில்லை. ராடின் தலையில் ஆலன் கீ வைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புவதுதான் முறை. இம்பாக்ட் கன்னால் இறுக்குவதும் கூடாது, ராடு உள்ளே கிறுகிறுவென்று சுழன்று சீலைப் பதம் பார்க்கும். ஸ்பிரிங்கை அமுக்குவதற்கு முன் நடு நட்டைத் தொடவே கூடாது. அது உயிருக்கே ஆபத்து. இரட்டைக் குழாய் ஸ்ட்ரட் படுத்தபடி பெட்டியில் கிடந்திருக்கும், அதனால் பூட்டுமுன் நிமிர்த்தி வைத்து மூன்று நான்கு தடவை முழுதாக அமுக்கி இழுத்தால் உள்ளே காற்று விலகும். ஸ்டாப்பரின் கூம்பு முனை பொதுவாகக் கீழ்நோக்கி இருக்கும். கவரின் மேல் விளிம்பு அதன் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார வேண்டும். கீழ் விளிம்பைக் கேபிள் டையால் இறுக்குகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம் என்று சொல்லுங்கள். அமுங்கும்போது காற்று வெளியேற வழி வேண்டும், புகுந்த தண்ணீர் வடியவும் வேண்டும். ராடில் கிரீஸ் பூசத் தேவையில்லை, அது தூசியைத்தான் பிடித்து வைக்கும்.

சக்கரம் மாட்டுமுன் ஸ்பிரிங் சுருள் வழியாகக் கவர் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் பெரும்பாலான பட்டறைகள் மறுக்காது. பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைக்கச் சொல்வதும் இங்கே சகஜம்.

பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் கூலி மலிவு, உண்மைதான். ஆனால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசை, சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது டாங்கில் முக்காலாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி, 2025 ஜூலை முதல் விஇபி (மலேசிய வாகன நுழைவு அனுமதி) இல்லாத சிங்கப்பூர் காருக்கு 300 ரிங்கிட் அபராதம், எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏதாவது தட்டினால் திரும்பப் போக வேண்டியவர் நீங்கள் அல்ல, வயதான அப்பா. சின்ன வித்தியாசத்துக்காக அவரைப் பாலம் கடக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

லீவின் முதல் வாரத்திலேயே வேலையை முடிப்பது நல்லது. காரை எடுத்ததும் ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்துச் சக்கர வளைவுக்குள் பாருங்கள்: கவர் மேலே உட்கார்ந்திருக்கிறதா, பிரேக் ஹோஸின் கிளிப்பும் ஏபிஎஸ் ஒயரும் பழைய இடத்தில் பூட்டியிருக்கிறதா. அலைன்மென்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள், நேர் ரோட்டில் ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் முறுக்கி விடுபட்டால், பேரிங்கோ ஸ்பிரிங்கின் முனையோ சரியாக உட்காரவில்லை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி டார்ச்: ஸ்ட்ரட் வாயருகே மெல்லிய ஈரப் படலம் இருந்தால் பயமில்லை, சொட்டாக வழிந்து தூசி அப்பியிருந்தால் விமானம் ஏறுமுன் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.