பில்ட்-இன் ஓவன்: ஒரே சூட்டில் ரொட்டி, கேக், கடைசியில் தயிர்

சமையலறை கேபினட்டுக்குள் பொருத்துகிற பில்ட்-இன் ஓவன் வைத்தால் கரண்ட் பில் எகிறிவிடாதா என்று எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கேட்காத ஆள் இல்லை. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில், தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்கு வந்த குடும்பங்கள்தான் இங்கே அதிகம், மாதக் கடைசியில் தெனாகா கரண்ட் பில்லைப் பிரித்துப் பார்த்து விட்டுத்தான் மற்ற செலவைப் பற்றிப் பேசுவோம், அதனால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். சில வருடங்களாக வாரம் தவறாமல் பயன்படுத்துகிற ஒருத்தியாக நான் சொல்லக்கூடிய பதில்: ஒரு தடவை ஏற்றிய சூட்டை வீணாக்காத வீட்டில் பில் பயப்படும் அளவுக்கு ஏறாது. ஒரே ஒரு தட்டு பிஸ்கட்டுக்காக மூன்று கிலோவாட் ஓவனைச் சூடாக்கி, எடுத்ததும் கதவைத் திறந்து போட்டுவிடுகிற பழக்கம் இருந்தால், எந்த பிராண்டு வாங்கினாலும் ஏறும்.

கணக்கு எளிது. எங்களுடையது சுமார் 70 லிட்டர், காற்றாடி உள்ள ரகம், முழுச் சக்தியில் 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். உள்ளே சூடேற பத்து நிமிடம் விட்டால் அதுவே கிட்டத்தட்ட அரை யூனிட். அதற்கப்புறம் சூடேற்றும் கம்பி விட்டு விட்டுத்தான் எரிகிறது, சூடு இறங்கினால் எரியும், ஏறினால் அணையும், ஆகவே அரை மணி நேரம் ஒரு கேக் வேகுவதற்கு ஆகும் கரண்டை விட அந்த முதல் பத்து நிமிடம் அதிகம் தின்றுவிடுகிறது. இப்போதைய கட்டணத்தில், 2025 ஜூலையிலிருந்து எரிசக்தி, கொள்ளளவு, நெட்வொர்க் என்று பில்லில் தனித்தனியாகப் பிரித்துப் போடுகிறார்களே, அதையெல்லாம் கூட்டினால் மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 44 சென் சொச்சம் வருகிறது. குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தள்ளுபடியும் உண்டு. இரவு 10 மணியிலிருந்து மறுநாள் மதியம் 2 மணி வரையும் சனி, ஞாயிறு முழுக்கவும் மலிவாகக் கிடைக்கும் நேரக் கட்டணத் திட்டம் ஒன்றும் இருக்கிறது, ஆனால் வித்தியாசம் யூனிட்டுக்கு 4 சென் அளவில்தான், அதற்காக ராத்திரி கண்விழித்து கேக் சுட வேண்டாம். நான் ஞாயிறு காலையில் சுடுவது வெயில் ஏறினால் சமையலறையில் நிற்க முடியாது என்பதற்காகத்தான்.

என் முறை இதுதான். ஞாயிறு காலை ரொட்டி மாவைப் பிசைந்து, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுவேன், அந்த இளஞ்சூட்டில் மாவு நன்றாக உப்பும். மாவை வெளியே எடுத்து அச்சில் போட்டு, அது இரண்டாம் முறை எழும்பும்போது ஓவனைச் சூடாக்குவேன். அதிகச் சூடு வேண்டியது முதலில், குறைவாக வேண்டியது பிறகு. ரொட்டி 190-இல் போகும், அது வெளியே வரும்போது வாழைப்பழ கேக் கலவை தயாராக இருக்கும், 160-க்குத் திருப்பிவிட்டால் போதும், இறங்கி வரும் சூட்டிலேயே கேக் உட்கார்ந்துவிடும். (கேக்குக்கு நன்றாகக் கறுத்த பிசாங் பெராங்கான் வாழைப்பழம்தான் என் விருப்பம், இரவுச் சந்தையான பாசார் மாலாமில் கடைசி நேரத்தில் மலிவாகக் கொடுப்பார்கள்.) கேக் வெந்து முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போதே ஸ்விட்சை அணைத்துவிடுவேன், கதவைத் திறக்கவே மாட்டேன், மூன்று அடுக்குக் கண்ணாடிக் கதவு சூட்டை அப்படியே பிடித்து வைத்திருக்கும். கேக் வெளியே வந்ததும் முந்தின வாரத்து ரொட்டி மிச்சத்தைத் துண்டு போட்டு உள்ளே தள்ளினால், கரண்டே இல்லாமல் ரஸ்க் ஆகிவிடும். மொறுமொறு என்று டீக்குத் தொட்டுக்கொள்ள அப்பா வாரம் முழுக்க அதைத்தான் தேடுவார்.

காற்றாடி முறையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சமையல் குறிப்பில் 180 என்று போட்டிருந்தால் காற்றாடியில் 160 போதும், 20 டிகிரி குறைவு, சூடான காற்று சுற்றிச் சுற்றி அடிப்பதால் இரண்டு தட்டு ஒரே நேரத்தில் வைக்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பட்டர் பிஸ்கட், அன்னாசி வைத்த நெனஸ் தார்ட் என்று தட்டுத் தட்டாகச் சுடும்போது இதன் அருமை தெரியும், சூடு ஏறியதோடு சரி, பிறகு வரிசையாக உள்ளே போவதும் வருவதும்தான். சுஜி கேக்குக்கு மட்டும் நான் காற்றாடி போடுவதில்லை. ரவை வெண்ணெயில் ஊறிக் கனமாக இருக்கும், மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட்டால் நடுவில் வெடித்துக்கொள்ளும். மேலும் கீழும் கம்பி எரியும் சாதாரண முறையில் நிதானமாக வேகட்டும். 'இக்கோ' என்று ஒரு முறை இருக்கிறது, மெதுவாகச் சூடேற்றி மிச்சச் சூட்டில் வேக வைப்பது, கோழி, மரவள்ளிக்கிழங்கு பிங்கா மாதிரி அவசரமில்லாத பண்டத்துக்கு அருமை, ஸ்பாஞ்ச் கேக்குக்கு ஆகவே ஆகாது.

சரி, தயிருக்கு வருவோம். இந்த ஓவன் எங்கள் வீட்டில் நிலைத்து நிற்பதற்குக் காரணமே தயிர்தான்.

நம் ஊர் வெப்பத்தில் பாலை அடுப்பு மேடையில் வைத்தாலே தயிராகும், இதற்கு எதற்கு ஓவன் என்று அம்மா முதலில் கேட்டார். ஆகும்தான். ஆனால் மழைக்காலத்தில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி, ஒரு நாள் இளந்தயிர், மறுநாள் மூக்கைச் சுளிக்க வைக்கும் புளிப்பு. கெட்டித் தயிர் உறைய வைக்கும் நுண்ணுயிர்கள், கடையில் விற்கிற சாதாரணத் தயிரில் இருக்கும் அந்த இரண்டு வகையும், 40-இலிருந்து 45 டிகிரிக்குள் இருந்தால் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 50-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும், இன்னும் ஏறினால் செத்தே போகும். மேடையில் வைத்த பாலுக்கு 30-ஐ ஒட்டித்தான் சூடு கிடைக்கிறது. மூடிய ஓவன் பெட்டிக்குள் 40 நிலையாக நிற்கும்போது ஆறேழு மணி நேரத்தில் ஒரே மாதிரி உறைகிறது, வாரா வாரம்.

பாலை ஓவனில் சூடாக்காதீர்கள், அதற்கு கேஸ் அடுப்புதான். மானிய விலையில் கேஸ் கிலோ 1 வெள்ளி (ரிங்கிட்) 90 சென், 14 கிலோ தோங் (சிலிண்டர்) 26 வெள்ளி 60 சென், அந்த விலையில் கொதிக்க வைக்கும் வேலைக்குக் கரண்டை விட கேஸ் மலிவு. பாலைப் பொங்கவிட்டு உடனே இறக்காமல், சிறு தீயில் பத்து நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். 85 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றால் பாலில் உள்ள மோர்ப்புரதம் அவிழ்ந்து மற்ற புரதத்தோடு பின்னிக்கொள்ளும், தயிர் தண்ணீர் விடாமல் கெட்டியாக வருவதற்கு அதுதான் காரணம். பெட்டியில் வரும் யு.எச்.டி. பால் என்றால் ஏற்கெனவே பெரிய சூட்டைப் பார்த்துவிட்டது, வெதுவெதுப்பாக்கினால் போதும். எங்கள் பக்கம் இன்னும் மாடு வைத்துக் கறந்து பாட்டிலில் கொண்டு வருகிறவர் ஒருவர் இருக்கிறார், அந்தப் பாலில் ஏடு கட்டி வரும் தயிருக்கு எந்தப் பெட்டிப் பாலும் ஈடாகாது, ஆனால் அதை நன்றாகக் காய்ச்சியே ஆக வேண்டும்.

காய்ச்சிய பால் ஆறும் நேரமும் ஓவன் ஆறும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்து வரும்படி பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். ரஸ்க் எடுத்த பிறகு ஓவன் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைப்பேன். உள்ளே ஒரு சின்ன ஓவன் தெர்மாமீட்டர் தொங்குகிறது, விலை அதிகமில்லை, ஓவன் திரையில் காட்டும் எண்ணை விட அதைத்தான் நம்புகிறேன். அது 45-ஐத் தொடும்போது பாலும் அந்தப் பக்கமாக வந்திருக்கும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் சுத்தமான சுண்டுவிரலைப் பாலில் விட்டுப் பத்து எண்ணுங்கள், சூடு உறைத்தும் விரலை எடுக்காமல் தாங்க முடிந்தால் சரியான பதம். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி பழைய தயிர், கட்டியில்லாமல் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றிக் கலக்கி, கண்ணாடி ஜாடியிலும் ஒரு மண்சட்டியிலும் ஊற்றி மூடி, நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டுவிடுவேன். அடித்தட்டில் வைக்காதீர்கள், குறைந்த சூட்டு முறையில் கீழ்க்கம்பி விட்டு விட்டு எரியும் ஓவனாக இருந்தால் ஜாடியின் அடி மட்டும் சூடாகித் தயிர் மணல் மணலாகிவிடும்.

விளக்கு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், இந்த விஷயத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஓவனில் இருப்பது 25 வாட் ஹாலஜன் பல்பு. ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் எரிந்தாலும் 0.2 யூனிட், காசாகப் பார்த்தால் பத்து சென் கூட வராது, ஆனால் அந்த மூடிய பெட்டியில் அந்தச் சின்னச் சூடு போதும், 38, 40 என்று நின்றுவிடும். புதிய மாடல்களில் எல்.இ.டி. விளக்கு போடுகிறார்கள், வெளிச்சம் தரும், சூடு தராது. சிலவற்றில் கதவைச் சாத்திய சில நிமிடத்தில் விளக்கு தானாகவே அணைந்துவிடும். அப்படிப்பட்ட ஓவனில் 40 டிகிரிக்கு வைக்கும் வசதி தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் ஆகக் குறைந்த எண்ணே 50 தான், அது தயிருக்கு அதிகம்.

ஆறு மணி நேரம் கழித்து ஜாடியை அசைக்காமல் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஓரத்தை விட்டு மொத்தமாக, ஒரே துண்டாக நகர வேண்டும், விளிம்பில் நூல் அளவுக்கு இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த தண்ணீர் தெரிய வேண்டும். அப்போது எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இனிப்பு மாறாத தயிர். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, "இது என்னம்மா, புளிப்பே இல்லை, இதை வைத்து மோர்க்குழம்பு எப்படி வைப்பது?" என்றார். ஆகவே மண்சட்டியை மட்டும் இன்னும் மூன்று நான்கு மணி நேரம் உள்ளேயே விட்டுவிடுகிறேன். சட்டி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அந்தத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் இருக்கும், புளிப்பும் ஏறியிருக்கும். ஒரே பால், ஒரே ஓவன், இரண்டு பேருக்கும் திருப்தி. சாப்பிடத் தொடங்கும் முன் அடுத்த வார உறைக்கு இரண்டு கரண்டியைத் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள், கரண்டி போட்டுக் கலக்கிய மிச்சத்தை உறைக்குப் பயன்படுத்தினால் நாளாக நாளாக சுவை மாறும்.

இனி பொருத்துவது பற்றி. சமையலறை கேபினட் போட்டவர் ஓவனுக்குப் பின்பக்கத்தைப் பலகை வைத்து முழுக்க அடைத்துவிட்டார். பில்ட்-இன் ஓவனில் வெளிப்பெட்டியைக் குளிர வைக்க ஒரு தனிக் காற்றாடி உண்டு, ஓவனை அணைத்த பிறகும் ஓடும், அதற்குக் காற்று போக வர வழி வேண்டும். வழியில்லாமல் அது நிற்காமல் ஓடியது, பக்கத்து இழுப்பறையின் மேல்தாள் வெப்பத்தில் உரிந்து வந்தது. பொருத்தும் கையேட்டில் இடைவெளி எவ்வளவு என்று படத்தோடு போட்டிருந்தும் மனிதர் பார்க்கவில்லை, பிறகு எங்கள் காசில்தான் வேறொருவரை வைத்துப் பின்பலகையை வெட்ட வேண்டியதாயிற்று. நீங்கள் கூடவே நின்று அளந்து வாங்குங்கள். ஒயரிங்குக்குப் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு ஓவனுக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள், ரைஸ் குக்கரும் கெட்டிலும் மாட்டியிருக்கும் நீட்டிப்பு ஒயரில் இதை மாட்டவே கூடாது.

இன்னொரு தொல்லை நம் ஊர் ஈரப்பதம். ஊருக்குப் போய் நெடுநாள் கழித்துத் திரும்பி வந்து ஓவனைப் போட்டால் வீட்டு ட்ரிப் ஸ்விட்ச் விழுந்தது. சூடேற்றும் கம்பிக்குள் இருக்கும் மாவு போன்ற காப்புப் பொருள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் கரண்ட் கசியும். ஈப்போவிலிருந்து ஆள் வர வாரக்கணக்கில் காத்திருந்தோம், வந்தவர் கம்பியை மாற்றிவிட்டுப் போனார், அலங்காரமாக வைத்துவிட்டு எப்போதாவது போடுகிற வீடுகளில்தான் இது அதிகம் என்றார். வாரம் ஒரு முறை சுடுகிற வீட்டில் கம்பி காய்ந்தே இருக்கும், அதன் பிறகு எங்களுக்கு ட்ரிப் விழவில்லை.

இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, மாதம் ஒரு கேக்குக்காக இதை வாங்க வேண்டாம், மேசை மேல் வைக்கிற சின்ன ஓவன் சீக்கிரம் சூடாகும், கரண்டும் குறைவு. தயிர் சாதம், மோர், ரொட்டி எல்லாம் தினமும் ஓடுகிற ஐந்தாறு பேர் குடும்பம் என்றால் தயங்காமல் வாங்கலாம். வாங்கிய பிறகு கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் சூடு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, வளையத்தை மாற்றிவிடுங்கள், பெரும்பாலான மாடல்களில் மூலைகளில் இருக்கும் கொக்கிகளைக் கழற்றினால் கையாலேயே மாற்றிவிடலாம்.