சமையல் வேலைக்குக் கேட்டரிங் படிப்பா, அடுப்படி அனுபவமா?

சமையலைத் தொழிலாக ஏற்க விரும்புபவர் முன் வழக்கமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. கேட்டரிங் கல்லூரியில் சேர்ந்து சான்றிதழோடு வெளிவருவது ஒரு வழி. ஏதேனும் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் இடத்திலோ காய் நறுக்கும் இடத்திலோ நுழைந்து, படிப்படியாக அடுப்பை எட்டுவது மற்றொரு வழி. முதல் வேலையைப் பெறுவதற்குக் கல்லூரிப் படிப்பு பெரும்பாலான சமையலறைகளில் கட்டாயமில்லை என்பதே என் கருத்து. எனினும், அங்கே முறையாகக் கற்பிக்கப்படும் அறிவு இல்லாமல் ஒருவர் தொழிலில் வெகுதூரம் உயர்வது கடினம். அந்த அறிவை எங்கே, எப்போது, எவ்வளவு செலவில் பெறுவது என்பதைப் பொறுத்தே இரு வழிகளையும் எடைபோட வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் முறையிலிருந்து தொடங்கலாம். தனியார் உணவகங்களில் தலைமைச் சமையலரே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் விண்ணப்பத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, 'நாளை ஒரு ஷிஃப்ட் வந்து நில்லுங்கள்' என்று சொல்லிவிடுவார். ட்ரையல் எனப்படும் அந்தச் சில மணி நேரத்தில் அவர் கவனிப்பவை மிக எளிமையானவை: வெங்காயத் துண்டுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, ஒரு வேலை முடிந்ததும் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறாரா, கத்தியோடு நடக்கும்போது முனையைக் கீழ்நோக்கிப் பிடிக்கிறாரா, பச்சை இறைச்சியைத் தொட்ட கையைக் கழுவுகிறாரா, பரிமாறும் முன் சுவைத்துப் பார்க்கிறாரா, தெரியாததைத் தயங்காமல் கேட்கிறாரா. கல்லூரியில் படித்தவர் இவற்றில் தேறுவார் என்ற உறுதி இல்லை. படிக்காதவர் தவறுவார் என்ற விதியும் இல்லை. ட்ரையலில் நன்றாக வேலை செய்த ஒருவரைச் சான்றிதழ் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பும் தலைமைச் சமையலர் அரிது.

பெரிய நட்சத்திர விடுதிகள், பயணக் கப்பல்கள், மருத்துவமனைச் சமையற்கூடங்கள் போன்ற இடங்களில் நிலைமை வேறு. அங்கே விண்ணப்பங்களை முதலில் பிரிப்பது மனிதவளத் துறை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களிலிருந்து சிலவற்றை எடுக்க வேண்டியிருப்பதால், பட்டயமோ பட்டமோ இல்லாதவை சமையலறை வரை வருவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிடலாம். அயல்நாட்டுப் பணி விசாவுக்கு முறையான தகுதிச் சான்று கேட்கப்படுவதும் உண்டு. ஆகவே, எந்த வகைச் சமையலறையில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்காமல் கல்லூரி தேவையா என்று கேட்பவருக்குச் சரியான விடை கிடைக்காது.

இரு வழிகளும் எவற்றைக் கற்றுத் தருகின்றன? கல்லூரியின் உண்மையான வலிமை, ஒவ்வொரு செயலுக்கும் காரணம் சொல்லித் தருவதில் இருக்கிறது. முட்டை மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் சேர்த்துச் செய்யும் சாஸ் சில நேரம் திரிந்துவிடும். அனுபவத்தில் மட்டும் கற்றவர் 'மெதுவாக ஊற்ற வேண்டும்' என்று அறிந்திருப்பார். சூடு மிகுந்து மஞ்சள் கரு இறுகுவதும், கொழுப்பை வேகமாகச் சேர்ப்பதால் அது சிறு துளிகளாகப் பரவாமல் பிரிந்து நிற்பதும் இரு வேறு பிழைகள் என்பதையும், இரண்டாவதை மீட்கலாம், முதலாவதை மீட்பது கடினம் என்பதையும் அறிந்தவர் எந்தப் புதிய சாஸையும் நிதானத்தோடு அணுகுவார்.

உணவுப் பாதுகாப்பிலும் இதே வேறுபாடு தெரியும். சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நீண்ட நேரம் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பெரிய அண்டாவில் கொதித்த குழம்பை அப்படியே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால், அதன் நடுப்பகுதி பல மணி நேரம் அந்த இடைவெளியிலேயே நின்று கிருமிகள் பெருக இடம் தரும். அமெரிக்க உணவு விதித்தொகுப்பு 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், தொடக்கத்திலிருந்து மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் குளிர்விக்கச் சொல்வது இதற்காகத்தான். நெருக்கடியான சமையலறையில் ஒரு மூத்தவர் 'சின்னத் தட்டுகளில் பிரித்து வை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். காரணம் சொல்ல அவருக்கு நேரம் இருப்பதில்லை. காரணம் தெரியாதவர் வேலைச்சுமை கூடும் நாளில் முதலில் கைவிடுவது அந்த வழக்கத்தைத்தான்.

கணக்கும் அப்படியே. பத்து கிலோ காயைத் தோல் சீவி, காம்பு நீக்கிய பின் எட்டு கிலோ மட்டுமே எஞ்சினால், பயன்படும் ஒவ்வொரு கிலோவின் அடக்க விலையும் வாங்கிய விலையைப் போல் 1.25 மடங்காகிவிடுகிறது. இந்தக் கழிவுக் கணக்கைப் பார்க்காமல் விலைப்பட்டியல் போடுபவர் நன்றாகச் சமைத்தும் நட்டமடைவார். கல்லூரியில் இது பாடத்திட்டத்திலேயே உண்டு. சமையலறையில் கற்பவருக்கோ, பொருள் வாங்கும் பொறுப்பு கைக்கு வரும் வரை இதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.

ஆனால், கல்லூரியால் தர இயலாத ஒன்று உண்டு. அது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. வகுப்பில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு பதார்த்தத்தை ஓரிரு முறை செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். பொருள் செலவும் நேரமும் அதற்கு மேல் இடம் தருவதில்லை. உணவகத்தின் அடுப்பில் நிற்பவர் அதே பதார்த்தத்தை ஒரே இரவில் நாற்பது முறை, நாற்பது முறையும் ஒரே தரத்தில் செய்தாக வேண்டும். ஒரே மேசைக்குப் போக வேண்டிய மூன்று பதார்த்தங்களில் ஒன்றுக்குப் பதினெட்டு நிமிடமும் மற்றொன்றுக்கு எட்டு நிமிடமும் இன்னொன்றுக்கு நான்கு நிமிடமும் ஆகுமானால், மூன்றும் ஒரே நேரத்தில் சூடாக வெளியேறும்படி பின்னோக்கிக் கணக்கிட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். அதற்கிடையில் மேலும் ஐந்து மேசைகளின் ஆர்டர்கள் வந்து நிற்கும். இந்தத் திறமையை விரிவுரையால் ஊட்ட முடியாது. இறைச்சி வெந்த பதத்தை விரலால் தொட்டு அறிவதும், வாணலியின் ஓசையிலிருந்து சூட்டைக் கணிப்பதும், பத்து மணி நேரம் நின்ற பிறகும் கடைசித் தட்டில் கவனம் குறையாமலிருப்பதும் இதைச் சேர்ந்தவையே.

அடுப்படி வழியின் குறையையும் மறைக்கக் கூடாது. ஒரு சமையலறை தன் உணவுப் பட்டியலில் உள்ளதை மட்டுமே கற்றுத்தரும். தன் தவறான பழக்கங்களையும் சேர்த்தே கற்றுத்தரும். பொரிக்கும் இடத்தில் வல்லவரானவரை அங்கேயே நிறுத்திவைப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருப்பதால், ஆண்டுகள் பல கடந்தும் அடுத்த அடுப்புக்கு நகராதவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இவ்வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றைக் கற்றுமுடித்ததும் வேறு பணியிடம் கேட்க வேண்டும். மறுக்கப்பட்டால் வேறு சமையலறைக்கு மாறவும் துணிய வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, கல்லூரிக் கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் ஊதியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படிப்பை முடித்தவரும் கமி எனப்படும் தொடக்கநிலைப் பணியில்தான் பெரும்பாலும் சேர்கிறார். அருகில் நிற்பவர் படிக்காமல் வந்தவராக இருந்தாலும் இருவர் ஊதியத்துக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. கடன் வாங்கிப் படித்தவருக்கு இது பெருஞ்சுமை. அமெரிக்காவில் லெ கார்டன் ப்ளூ என்ற பெயரில் இயங்கிவந்த கல்லூரிகளை மூடப்போவதாக அவற்றின் உரிமையாளர் நிறுவனம் 2015 டிசம்பரில் அறிவித்தது. விலை மிகுந்த வணிகச் சமையலறைகளையும் தொடர்ச்சியான உணவுப்பொருள் செலவையும் தாங்க வேண்டிய இத்தகைய கல்லூரிகளின் எதிர்காலத்தைப் புதிய அரசு விதிகளின் கீழ் கணிப்பது கடினம் என்று அது கூறியது. மாணவரின் கடனை அவர் பின்னர் ஈட்டும் ஊதியத்தோடு ஒப்பிடும் விதிகள் அவை. பாரிசில் 1895-இல் தொடங்கிய புகழ்பெற்ற பெயரைத் தாங்கிய கல்லூரிகளுக்கே இந்த நிலை வந்தது என்பதைக் கடன் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொருவரும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதற்காக, வேலை செய்துகொண்டே கற்பது எப்போதும் ஊதியம் தரும் வழி என்றும் கருத வேண்டாம். பெயர்பெற்ற சமையலறைகள் பல, பயிற்சி என்ற பெயரில் மாதக்கணக்கில் ஊதியமின்றி வேலை வாங்கியிருக்கின்றன. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் புகழ்பெற்ற நோமா உணவகமே 2022 அக்டோபரில்தான் தன் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியது. ஊதியமின்றி வேலை செய்ய வசதியுள்ளவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் வாசலை நியாயமான வழி என்று என்னால் ஏற்க இயலவில்லை.

புகழ்பெற்ற சமையலர்களை எடுத்துக்காட்டி இந்த விவாதத்தை முடிக்க முயல்வதிலும் பயனில்லை. ஸ்பெயினின் ஃபெரான் அட்ரியா பாத்திரம் கழுவுபவராகத் தொடங்கியவர். அமெரிக்காவின் தாமஸ் கெல்லர் சமையல் கல்லூரிக்குச் சென்றதில்லை. அதே நாட்டின் கிரான்ட் ஆக்கெட்ஸ் அமெரிக்கச் சமையற்கலைக் கல்லூரியில் பயின்றவர். மூவரும் உச்சம் தொட்டதிலிருந்து எந்த வழி சிறந்தது என்று எதுவும் தெரிவதில்லை.

இரண்டுக்கும் இடையில் ஒரு மூன்றாம் வழி இருப்பதைப் பலர் பேசுவதில்லை. ஜெர்மனியில் சமையலர் பயிற்சி மூன்று ஆண்டுகள் நடக்கிறது. பயிற்சி பெறுபவர் ஓர் உணவகத்தில் ஊதியத்தோடு வேலை செய்துகொண்டே தொழிற்பள்ளியில் பாடமும் படித்து, இறுதியில் தேர்வெழுதித் தகுதி பெறுகிறார். காரணமும் கைப்பழக்கமும் ஒரே காலத்தில் வளர்வதால், கிடைக்கும் இடங்களில் இதுவே மூன்றிலும் சிறந்தது என்பேன். இத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், முதலில் ஆறு மாதமாவது ஒரு சமையலறையில் வேலை செய்துவிட்டுப் பிறகு கல்லூரியைப் பற்றி முடிவெடுப்பது நல்லது. வெப்பம், இரவுப் பணி, விடுமுறை நாள் உழைப்பு ஆகியவை தமக்கு ஒத்துவருமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஒத்துவந்தவர் கல்லூரிக்குள் நுழையும்போது, எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பட்டியல் அவர் மனத்தில் தயாராக இருக்கும்.

பேக்கரி, இனிப்பு வகைகள், சாக்லேட் ஆகிய துறைகளை நாடுவோர் இதற்கு விலக்கு. அங்கே அளவும் வெப்பநிலையும் விகிதமும் முதல் நாளிலிருந்தே தேவைப்படுவதால், தொடக்கத்திலேயே பெறும் முறையான பயிற்சி விரைவில் பலன் தரும். நடுவயதில் தொழில் மாறுபவர்களுக்கும், பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் ஏறிவர அவகாசம் இல்லாததால், குறுகிய காலப் படிப்பு பொருந்தும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர் அங்கே நேரில் சென்று சிலவற்றைக் கேட்க வேண்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர் தாமே அடுப்பின் முன் நிற்பார்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? கற்பிப்பவர்கள் கடைசியாக எப்போது உணவகச் சமையலறையில் பணிபுரிந்தார்கள்? வெளிப் பயிற்சிக்காலத்தில் ஊதியம் உண்டா? மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்தவர்கள் இன்று எங்கே, எந்தப் பணியில் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு 'எல்லோருக்கும் வேலை கிடைத்தது' என்று பொதுப்படையாகப் பதில் வந்தால், பழைய மாணவர் இருவரிடமாவது நேரடியாகப் பேசாமல் கட்டணம் செலுத்த வேண்டாம்.