ஆர்லாண்டோ தீம் பார்க்குகளில் வீகன் சாப்பாடு: கவுன்ட்டரா, மேசையா, கைப்பையா?

தீம் பார்க்கின் வாசலைத் தாண்டிவிட்டால், உள்ளே என்ன கிடைக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோவை ஒட்டியுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இது சிறிதும் மிகைப்படுத்தல் அன்று. அங்குள்ள நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில், வாகன நிறுத்தத்துக்கும் நுழைவாயிலுக்கும் நடுவே ஒரு பெரிய ஏரியே கிடக்கிறது. அதைப் படகிலோ மோனோரயிலிலோ கடந்துதான் உள்ளே போக வேண்டும் என்பதால், மதியம் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்று நினைப்பவருக்குப் பகலின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். பால், முட்டை, தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாத வீகன்களுக்கு இங்கே மூன்று வழிகள் உள்ளன: கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு இடம் தேடி உட்காருவது, முன்பதிவு செய்த உணவகத்தில் மேசைக்கு வரவழைத்துச் சாப்பிடுவது, கையோடு கொண்டுபோவது. மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்றிலும் ஏமாந்தும் இருக்கிறேன்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சைவம் என்று நாம் சொல்லும்போது பாலும் தயிரும் நெய்யும் அதில் அடக்கம். வெஜிடேரியன் என்று அமெரிக்க மெனுவில் போட்டிருந்தால் பெரும்பாலும் முட்டையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே அந்தச் சொல்லை நம்பி எதையும் வாங்கக் கூடாது. டிஸ்னி இவ்விரண்டையும் விட்டுவிட்டு ‘பிளான்ட் பேஸ்டு’, அதாவது தாவர உணவு, என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு, 2019-இல் தன் ஃபுளோரிடாப் பூங்காக்களின் முக்கியமான உணவகங்கள் அனைத்திலும் அத்தகைய உணவைக் கொண்டுவந்தது. மெனுவில் அவற்றின் பக்கத்தில் சிறிய பச்சை இலை ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். இறைச்சி, பால், முட்டை, தேன் ஆகியவை இல்லாமல் செய்யப்பட்டது என்பதே அந்த இலைக்கு நிறுவனம் தரும் விளக்கம். தேனையும் சேர்த்துச் சொல்லியிருப்பது மெச்சத்தக்கது, ஏனெனில் பல உணவகங்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எனினும் அந்த இலை செய்முறையைப் பற்றி மட்டுமே பேசுகிறது; அதே எண்ணெயில் சற்று முன்பு மீன் பொரித்தார்களா, அதே கல்லில் இறைச்சி வாட்டினார்களா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கொள்கையில் இன்னும் கறாரானவர்களுக்கு வேறொரு தயக்கமும் இருக்கலாம். 2020 முதல் டிஸ்னி பூங்காக்களில் பர்கருக்குப் பெரிதும் பயன்படும் இம்பாசிபிள் நிறுவனத்தின் தாவர இறைச்சியில் உள்ள ஹீம் என்ற மூலப்பொருள், பாதுகாப்பானதா என்று அறிய எலிகளிடம் சோதிக்கப்பட்டது. அதனாலேயே அதைத் தொடாத வீகன்கள் உண்டு. நான் அதைச் சாப்பிடுகிறேன், ஆனால் அவர்களுடன் வாதாடப் போவதில்லை.

மூன்று வழிகளில் அதிகம் பேசவேண்டியது கவுன்ட்டரைப் பற்றித்தான், ஏனெனில் பெரும்பாலான நாள்களில் அதுதான் சோறு போடுகிறது. இதன் பெரிய பலம் செயலி. 2017 மே மாதம் டிஸ்னியின் மற்றொரு பூங்காவான அனிமல் கிங்டமில், ‘அவதார்’ படத்தை ஒட்டி அமைந்த பண்டோரா பகுதி திறக்கப்பட்டபோது, அங்குள்ள சாட்டுலி கேன்டீனில்தான் கைபேசி வழியாக முன்கூட்டியே உணவு கேட்கும் வசதியை டிஸ்னி முதலில் தொடங்கியது. வரிசையில் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட, முன்னால் இருக்கும் பணியாளரிடம் ‘இதில் வெண்ணெய் இருக்கிறதா’ என்று கேட்க நேரும் சங்கடம் வீகன்களுக்கு நன்றாகத் தெரியும். செயலியில் அந்தச் சங்கடம் இல்லை. நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு உணவையும் திறந்து பார்த்து, வேண்டாததை நீக்கி, மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று குறித்துவிடலாம்.

அதே சாட்டுலியில் கிடைக்கும் கிண்ண உணவை எடுத்துக்கொள்வோம். அடியில் அரிசியோ கீரையோ நூடுல்ஸோ, அதன் மேல் காரம் சேர்த்துப் பொரித்த டோஃபு, அதற்கு மேல் ஏதேனும் ஒரு சாஸ் என்று நாமே அடுக்கிக்கொள்ளலாம். டோஃபுவைத் தேர்ந்தெடுத்ததுமே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். மாட்டிக்கொள்ளும் இடமோ கடைசியில் வரும் சாஸ். வெள்ளையாக, கெட்டியாக இருப்பதைத் தவிர்த்து, வினிகரும் எண்ணெயும் சேர்ந்த வகைக்கு மாற்றிக்கொண்டால் கிண்ணம் நமக்கு உரியதாகிவிடும். பொரித்த டோஃபுவின் மேல்தோல் சாஸில் ஊறிப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்குக் குறையே இல்லை. டிஸ்னியின் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டுடியோஸில் 2019-இல் திறக்கப்பட்ட, ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை ஒட்டிய கேலக்ஸிஸ் எட்ஜ் பகுதியில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘நீலப் பால்’, ‘பச்சைப் பால்’ என்ற பெயரில் அங்கே விற்கப்படும் குளிர்பானங்கள் தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும் கலந்து செய்யப்பட்டவை. பெயரைப் பார்த்து வீகன்கள் விலகிப் போக, பாலை எதிர்பார்த்து வாங்கியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மேஜிக் கிங்டமில் அன்னாசிச் சுவையில் பிழிந்து தரப்படும் டோல் விப் என்ற குளிர் இனிப்பின் கதை இதற்கு நேர்மாறானது. அன்னாசி மட்டும் என்றால் அதில் பால் இல்லை, வெனிலாவுடன் சேர்த்துச் சுழற்றிய வகையிலோ பால் உண்டு, இரண்டும் ஒரே கவுன்ட்டரில் கிடைக்கும். மெனுக்கள் அடிக்கடி மாறுகின்றன என்பதால், மேலே சொன்ன உணவுகளையும் போவதற்கு முந்தின இரவு செயலியில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கவுன்ட்டரின் பலவீனம் அவசரத்தில் இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பூங்காவில், பகல் 12 மணிக் கூட்டத்தில், தாவர பர்கர் ஒன்றை வாங்கிக்கொண்டு வெயிலில் இடம் தேடி உட்கார்ந்து பிரித்தேன். நடுத்துண்டு தாவரம்தான், ஆனால் பன்னின் உட்புறம் மினுமினுத்தது, விரலால் தொட்டால் வெண்ணெய் ஒட்டியது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது அந்தப் பணியாளர், ‘பர்கர் வீகன்தானே, பன்னை எல்லாருக்கும் இப்படித்தான் வாட்டுகிறோம்’ என்று உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரைப் பொறுத்தவரை நடுத்துண்டுதான் பர்கர். அன்றிலிருந்து பன், மயோனைஸ், சீஸ் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதையும், கூட்டம் சேருவதற்கு முன்னரோ கலைந்த பின்னரோ மட்டும் கவுன்ட்டருக்குப் போவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இங்கே பலர் கையாளும் ஒரு குறுக்குவழி உண்டு. அதிலுள்ள ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கான பட்டியலை எடுத்துப் பால், முட்டை இரண்டும் இல்லாததைத் தேர்ந்தெடுப்பதே அந்த வழி. அமெரிக்கச் சட்டம் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களாகக் குறிப்பவை ஒன்பது: பால், முட்டை, மீன், இறால், நண்டு போன்ற ஓடுள்ளவை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 முதல் எள். தேனும் ஜெலட்டினும் மாட்டிறைச்சிச் சாறும் இதில் இல்லை. ஆகவே பாலுக்கும் முட்டைக்கும் பாதுகாப்பான உணவு என்ற பட்டியலில் கோழி வறுவல் தாராளமாக இடம்பெறும். ஜெலட்டின் சேர்த்த மார்ஷ்மெல்லோவும் தடையின்றி உள்ளே வரும். இலைக்குறி உள்ள இடத்தில் இலையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வாமைப் பட்டியலை இரண்டாவது சல்லடையாகப் பயன்படுத்தினால் மட்டுமே அது உதவும்.

மேசை உணவகம் இந்தக் குழப்பங்கள் பெரும்பாலானவற்றைத் தீர்க்கிறது, ஆனால் அதற்கு உரிய விலையை வாங்கிக்கொண்டுதான் தீர்க்கிறது. டிஸ்னியில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடும். பெயர்பெற்ற உணவகங்களில் அன்று காலையே இடம் பிடிக்காவிட்டால் பிறகு கிடைப்பது அரிது. இரண்டு மாதங்கள் கழித்து, குறிப்பிட்ட ஒரு புதன்கிழமை மாலை 6.10-க்கு நமக்குப் பசிக்கும் என்று இன்றே முடிவுசெய்வது எனக்கு இன்னும் பழகவில்லை. முன்பதிவிலேயே உணவுத் தேவையைக் குறிப்பிட்டுவிட்டு, போனதும் பரிமாறுபவரிடம் மறுபடியும் சொன்னால், தேவைப்படும்போது சமையல் பொறுப்பாளரே மேசைக்கு வந்து பேசுவது உண்டு. இது சாதாரண விஷயம் அன்று: சூப்பின் அடிநீர் எதில் கொதித்தது, பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ந்ததா, வூஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி இருக்கிறதே என்று சமைப்பவரிடமே கேட்டுத் தெளிவு பெறுவது கவுன்ட்டரில் நடவாத காரியம். ஒரே தட்டிலிருந்து குடும்பமே பகிர்ந்துண்ணும் உணவகங்களில் வீகனுக்கு மட்டும் தனித் தட்டு கொண்டுவருவார்கள். பஃபே முறையை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சீஸ் பாத்திரத்திலிருந்த கரண்டி, பத்து நிமிடத்தில் சாலட் பாத்திரத்துக்கு இடம் மாறியிருக்கும். பணத்தை விடவும், ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது என்பதுதான் இவ்வழியின் உண்மையான செலவு. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த தொகையை நினைத்தால், சூரிய வெளிச்சம் உள்ள நேரத்தை மேசையில் கழிப்பது உறுத்தும். ஆகவே பயணம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை, அதுவும் கால் ஓய்ந்துபோகும் மூன்றாம் நாள் மாலையில், போதும் என்பது என் கணக்கு.

கைப்பையைப் பொறுத்தவரை, டிஸ்னியும் ஆர்லாண்டோவின் மற்றொரு பெரிய தீம் பார்க் குழுமமான யுனிவர்சலும் இரண்டு வேறு உலகங்கள். சொந்த உணவை உள்ளே கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்தவோ குளிரூட்டவோ வேண்டியதாக இருக்கக் கூடாது, கடுமையான மணம் வீசக் கூடாது, உதிரி ஐஸ் கட்டி கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். குளிர்பெட்டி 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம் வரை இருக்கலாம். அதாவது ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாடு முழுவதும் அதில் அடங்கிவிடும். யுனிவர்சல் ஆர்லாண்டோவில் குளிர்பெட்டிக்கே இடமில்லை. தண்ணீர்ப் புட்டி, சிறிய தின்பண்டங்கள், குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; மென்மையான காப்புப் பை கொண்டுவந்தாலும் அது 8.5 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 6 அங்குல ஆழத்தைத் தாண்டக் கூடாது. வீகன் என்பது மருத்துவக் காரணம் ஆகாது என்பதால் அந்த விதிவிலக்கை நம்பிப் போவது சரியன்று.

இதனால் டிஸ்னியில் கைப்பை முழு உணவுக்கே ஈடுகொடுக்கும், யுனிவர்சலில் அது இரண்டு மணி நேரப் பசியைத் தள்ளிப்போட மட்டுமே உதவும். ஃபுளோரிடாவின் கோடைப் பிற்பகலில் எது தாக்குப்பிடிக்கும் என்பதை நான் கெட்டுப்போனவற்றைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி நசுங்கினாலும் சுவை மாறுவதில்லை; வறுத்த கொண்டைக்கடலையும் பாதாமும் எந்த வெயிலுக்கும் அசைவதில்லை; வாழைப்பழத்தைக் காலை 11 மணிக்குள் தின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் பையின் அடியில் அது என்ன உருவெடுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்னியின் கவுன்ட்டர்களில் ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள் என்பதால் புட்டிகளைச் சுமந்து பையைக் கனமாக்க வேண்டாம்.

அறையில் சமைப்பதை நான்காவது வழியாக எண்ணுபவர்கள் உண்டு. என் பார்வையில் அது கைப்பையின் நீட்சிதான். டிஸ்னி விடுதி அறைகளில் சிறிய குளிர்சாதனப் பெட்டி இருக்கும், முழுச் சமையலறை வில்லா வகை அறைகளில் மட்டுமே. காலை உணவுக்குச் சிறிய பெட்டியே போதும்: சோயாப் பால், ஓட்ஸ், பழம். பூங்கா திறக்கும் நேரத்தில் வயிறு நிறைந்து உள்ளே போகிறவர், மதியக் கூட்டம் வடியும் 2 மணி வரை கவுன்ட்டருக்காகப் பொறுமையாகக் காத்திருக்க முடியும்.

யுனிவர்சலுக்கு ஒரு சாதகம் உண்டு, அது இடவமைப்பில் இருக்கிறது. அதன் பழைய இரண்டு பூங்காக்களின் வாசலிலேயே சிட்டிவாக் என்ற உணவகத் தெரு இருப்பதால், உள்ளே எதுவும் ஒத்துவராவிட்டால் வெளியே நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். 2025 மே மாதம் திறக்கப்பட்ட அதன் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸ் தனியாகச் சில மைல் தள்ளி இருப்பதால் அங்கே இந்த வசதி கிடையாது. அதனால் எபிக்குக்குப் போகும் நாளில் மட்டும் மெனுவை முன்னிரவே மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன். ஹாரி பாட்டர் கதைகளில் வரும் இனிப்புப் பானமான பட்டர்பீரை யுனிவர்சலில் விற்கும் இடங்களில் இன்னொரு கவனமும் வேண்டும்: வழக்கமான பட்டர்பீரின் மேலே மிதக்கும் நுரையில் பால் உண்டு. நுரை வேண்டாம் என்று கவுன்ட்டரில் சொன்னால் கோப்பை பார்க்கச் சற்று மொட்டையாக இருக்கும். கூட வந்தவர்கள் நுரை மீசையோடு படம் எடுத்துக்கொள்ளும்போது நீங்கள் படம் எடுத்துக்கொடுப்பவராக இருந்துவிடலாம்.