பழைய சிங்கர் இயந்திரத்தின் தலையைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் பழைய சிங்கர் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். 'வீட்டுக்கே வந்து பழுது பார்க்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் ஆட்களில் ஒருவர் என் அம்மாவின் இயந்திரத்தைச் சீரழித்துவிட்டார்.

அது 15கே வகை. ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலையில் செய்தது. 1980இல் அந்த ஆலையையே மூடிவிட்டார்கள். அதன் அசல் பாகம் ஒன்று கைவிட்டுப் போனால், பழைய இயந்திரம் எதிலிருந்தாவது கழற்றித்தான் இன்னொன்று கிடைக்கும். அம்மா இதில் ரவிக்கை தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

துணிக்கு அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சிக்குகிறது என்பதுதான் குறை. வந்தவர் கைச்சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். "டைமிங் போய்விட்டதம்மா, உள்ளே பியரிங்கும் தேய்ந்திருக்கிறது, கடைக்குக் கொண்டுபோனால்தான் சரிசெய்ய முடியும்" என்றார். டைமிங் என்பது ஊசியும், அடியில் நூலைக் கொக்கியில் பிடிக்கும் ஷட்டிலும் ஒத்து இயங்கும் கணக்கு. கீல் திருகுகளைத் தளர்த்தி, தலையை, அதாவது மேசைக்கு மேலே இருக்கும் இயந்திரப் பகுதியை, தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஊசியைக் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரு தையல்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது தலை பளபளவென்று இருந்தது. கூடவே 4,200 ரூபாய்க்கு ஒரு ரசீது: டைமிங் செட்டிங், ஷாப்ட் பியரிங் இரண்டு, ஷட்டில் செட், பாலிஷ். பளபளப்பு எங்கிருந்து வந்தது என்பது கிட்டே போய்ப் பார்த்ததும் தெரிந்தது. பொன்னிறத்தில் இருந்த ஸ்பிங்க்ஸ் உருவம் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட எகிப்தியப் படம்) பாதி அழிந்திருந்தது. அந்தப் படங்களுக்கு மேல் பூசியிருப்பது அரக்கு. ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து, படத்தையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். பழைய இயந்திரத்தில் கை வைக்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது.

அடுத்தது பியரிங். 15கே இயந்திரத்தின் தலையில் பால் பியரிங் என்ற ஒன்றே கிடையாது. தண்டு சுழல்வது வெறும் உலோகப் புஷ்களில், அதாவது குண்டுகள் இல்லாத வளையங்களில். இல்லாத பாகத்தை மாற்றியதாக எழுதிப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்க முடியாமல் போனது மூன்றாவது விஷயம். சிங்கரின் அசல் பாகங்களில் 'சிமான்கோ' என்ற முத்திரை சிறியதாகப் பொறித்திருக்கும். அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடான அம்மாவின் பாபின் கேஸிலும், ஷட்டிலிலும் அது இருந்தது. இப்போது இரண்டிலும் இல்லை. ஷட்டிலின் முனையில் விரலை வைத்தால் சொரசொரப்பு தட்டுகிறது. நூல் அங்கேதான் அறுகிறது. நன்றாக இருந்த எஃகுப் பாகங்களை எடுத்துக்கொண்டு மட்டமான சரக்கை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். பழைய பாகங்கள் எங்கே என்று கேட்டால், குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

நூல் கொத்தாகச் சிக்குவது மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் பகுதியில் நெடுங்காலமாகத் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் வந்து பார்த்தார். அடியில் நூல் சிக்கினால் கோளாறு பெரும்பாலும் மேல் நூலில்தான் இருக்கும் என்றார். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே பஞ்சும் நூல் துணுக்கும் அடைத்துக்கொண்டிருந்ததால், தட்டுகள் நூலைப் பிடிக்கவே இல்லை. துணித் துண்டு ஒன்றை நடுவில் விட்டு இழுத்தார், வந்துவிட்டது. துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நூல் கோக்க வேண்டும், இறக்கியிருந்தால் நூல் தட்டுகளுக்குள் இறங்காது என்றும் சொன்னார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

உங்கள் இயந்திரம் தகராறு செய்தால் யாரையும் அழைக்கும் முன் நீங்களே பாருங்கள். புது ஊசி போடுங்கள். 15 வகையில் ஊசியின் தட்டையான பக்கம் இடப்புறம் இருக்க வேண்டும். நூலை வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். சக்கரம் சுற்றியும் ஊசி அசையவில்லை என்றால், பாபின் சுற்றுவதற்காகத் தளர்த்திய நடுத்திருகை மறுபடி இறுக்காமல் விட்டிருக்கலாம். இதற்கும் 'டைமிங்' என்று பணம் பிடுங்குகிறார்கள். சக்கரமே இறுகிப் போயிருந்தால் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான் காரணம். தேங்காய் எண்ணெய் விட்ட வீடுகளில் இது சகஜம். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, ஊறவைத்து, மெல்லச் சுற்றுங்கள். இளகியதும் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

அப்படியும் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் வரிசை எண், ஷட்டில், பாபின் கேஸ், முத்திரைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம், புகாரை விட்டுவிடுங்கள் என்று இப்போது தொலைபேசியில் கெஞ்சுகிறார்கள். அம்மாவின் ஷட்டிலும் பாபின் கேஸும் வந்து சேரும்வரை விடுவதாக இல்லை.