தாழ்த்திய மொறிஸ் மைனர் பிக்கப்புக்குச் சில்லும் ரயரும்: மூன்றாண்டு அனுபவம்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் பிக்கப், பெற்றோல் கிடைக்காத போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில் ஒன்று. அப்பா அதில் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றினார். நான் இப்போதும் ஏற்றுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், முன்பக்கத்தை, முறுகி வில்லாக வேலை செய்யும் உருக்குத் தண்டான ரோர்சன் பாரின் பல்லை மாற்றிப் பொருத்தியும், பின்பக்கத்தில் வில்லுத் தகட்டுக்கும் அச்சுக்கும் இடையில் ஒன்றரை அங்குலக் கட்டை வைத்தும் தாழ்த்தினேன். அது இரண்டு நாள் வேலை. பொருத்தமான சில்லையும் ரயரையும் கண்டடைய ஓராண்டு சென்றது.

மைனரின் சில்லைப் பிடிக்கும் நான்கு நட்டுகளும் நான்கு அங்குல விட்டமுள்ள வட்டத்தில், அதாவது 101.6 மில்லிமீற்றரில் அமைந்தவை. இங்கு மலிவாகக் கிடைக்கும் ஜப்பானியச் சிறு கார் றிம்களிலோ அது பெரும்பாலும் 100 மில்லிமீற்றர். "இறுக்கினால் சரியாகிவிடும்" என்று ஒரு கராச்சில் பழைய அலோய் றிம்களை மாட்டினார்கள். அழகில் மயங்கி நானும் தலையாட்டினேன். நட்டின் கூம்பு முகம் துளையில் ஒரு பக்கமாகவே படிந்ததால் மணிக்கு 50 கிலோமீற்றரில் ஸ்ரியரிங் நடுங்கியது. இரண்டாவது வாரம் பண்ணைப் பாலத்தருகே நிறுத்திப் பார்த்தபோது இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன. அன்றே கழற்றிவிட்டேன்.

பின்னர் இலண்டனிலுள்ள மைத்துனர், மைனருக்கென்றே செய்யப்பட்ட 14 அங்குல இரும்பு றிம்களைக் கப்பலில் அனுப்பினார். அகலம் நாலரை அங்குலம். இன்னும் அகலமானவற்றை நானே வேண்டாமென்றேன். சில்லு வெளியே தள்ளத் தள்ள இந்த வண்டியின் பலவீனமான இடமாகிய ட்ரனியனில், அதாவது முன்சில்லு திரும்பும் மூட்டில், சுமை கூடும், ஸ்ரியரிங்கும் கனக்கும்.

ரயரில் முதலில் நான்குக்கும் 165/70 ஆர்14 (அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 வீதம், றிம் 14 அங்குலம்) போட்டேன். அதன் விட்டம் ஏறத்தாழ 587 மில்லிமீற்றர், பழைய அளவுக்கு மிக அருகில். ஆனால் தாழ்த்திய முன்பக்கத்தில், முழுதாகத் திருப்பி ஒழுங்கைக்குள் இறங்கும்போதெல்லாம் மட்கார்ட்டின் உள்விளிம்பில் உரசியது. ஆகவே முன்னுக்கு மட்டும், வாகன்ஆருக்காக எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் 155/65 ஆர்14 இற்கு மாறினேன். விட்டம் 557, வண்டி மேலும் 15 மில்லிமீற்றர் தாழ்ந்தது, அதேவேளை ரயருக்கு மேலான இடைவெளியும் அவ்வளவே கூடியது. அந்த இடைவெளி அளவு பெருத்த சட்டை போலத் தெரிகிறது என்று மகன் சொல்கிறான். உரசல் நின்றதால் எனக்குக் கவலையில்லை.

பின்னுக்குப் பெரிய ரயரையே விட்டதற்குக் காரணம் சுமை. சுமைச் சுட்டெண் 81 உள்ள ரயர் ஒன்று 462 கிலோ தாங்கும். 75 உள்ள முன் ரயர் 387 கிலோதான். பின்சில்லின் விட்டம் மாறாததால் வேகமானியும் பொய் சொல்வதில்லை.

முதல் சோடி முன்ரயர்கள் 9,000 கிலோமீற்றரிலேயே உட்புறம் தேய்ந்துபோயின. தாழ்த்திய பிறகு முன்சில்லுகளின் நேர்சீரைச் சரிபார்க்காதது என் தவறு. உள்நோக்கை, அதாவது முன்சில்லுகளின் முன்விளிம்புகள் உள்ளே சாயும் அளவை, 3/32 அங்குலத்துக்கு வைத்த பின்னர் தேய்வு சீராக உள்ளது. காற்றழுத்தம் முன்னுக்கு 26 பிஎஸ்ஐ, பின்னுக்கு 28, மூடை ஏற்றினால் 34. மேலதிகச் சில்லாக 165/70 ஒன்றையே வைத்திருக்கிறேன். முன்ரயர் பஞ்சரானால் பின்சில்லைக் கழற்றாமல் அதையே மாட்டி, அடுத்த ரயர்க் கடை வரை மெதுவாக ஓட்டுவேன்.